ஏ.பி.ஐ. இல்லாத தளத்திலிருந்து சென்னை ஏரிகளின் தினசரி நீர் இருப்பை எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர் இருப்பை நாள்வாரியாகத் தொகுத்து, 2015 வெள்ளத்திலிருந்து ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த 2019 வரை அது எப்படி இறங்கியது என்று வரைபடமாக்க விரும்புகிறேன். விவரங்கள் ஒரு தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன; ஆனால் நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்டுப் பெறும் வழியான ஏ.பி.ஐ. அதில் இல்லை. தேதியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால்தான் அந்த நாளின் அட்டவணை வரும். முகவரியில் தேதி தெரிவதில்லை. பைத்தானில் இணையப் பக்கங்களை எடுக்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் மூலம் எடுத்தால், எந்தத் தேதியைக் கொடுத்தாலும் இன்றைய அட்டவணையே வருகிறது. செலினியம் வைத்து பிரவுசரையே இயக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி:
செலினியம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். முகவரி மாறாமல் அட்டவணை மட்டும் மாறுவதால், தேதி பெரும்பாலும் போஸ்ட் கோரிக்கையாகத்தான், அதாவது முகவரியில் தெரியாமல் கோரிக்கையின் உள்ளே வைத்துத்தான் போகும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால், அனுப்பப்படும் புலங்களின் பெயர்களும் மதிப்புகளும் அப்படியே தெரியும். தளம் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் எழுதப்பட்டிருந்தால் வியூஸ்டேட் என்ற, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நீண்ட மறைபுலமும் உடன் போகும். எனவே முதலில் பக்கத்தை எடுத்து, அதிலுள்ள மறைபுலங்களைப் படித்து, அதே செஷனில் (குக்கீகள் மாறாத அதே தொடர்பில்) தேதியோடு சேர்த்து அனுப்புங்கள். தேதியின் வடிவத்தையும் கவனியுங்கள். நாளும் மாதமும் இடம் மாறினால், சில தளங்கள் பிழை எதுவும் காட்டாமல் இன்றைய அட்டவணையைத் தந்துவிடும். தானியங்கி நிரல்கள் எதை எடுக்கலாம் என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைப் படித்துவிட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையே சில விநாடிகள் விடுங்கள். அதே சர்வரைத்தான் பொதுமக்களும் பயன்படுத்துகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, மறைபுலங்களையும் சேர்த்து அனுப்பியதும் சரியான தேதிக்குரிய அட்டவணை வந்துவிட்டது. தொகுப்பை இன்றுவரை நீட்டியபோது வேறொரு சிக்கல். அட்டவணையின் ஐந்தாவது வரியை எல்லா ஏரிகளின் மொத்த இருப்பு என்று கொண்டு எடுத்துவந்தேன். 2020 இறுதியிலிருந்து அந்த எண் திடீரென விழுந்துவிடுகிறது.

மறுமொழி:
நீர் குறையவில்லை, அட்டவணையில் ஒரு வரி கூடியிருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கோடு, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்துகொண்டது. வரி எண்ணை நம்பாமல், முதல் கட்டத்திலுள்ள ஏரியின் பெயரைக் கொண்டே எண்களை எடுங்கள்.

சதவீதம் கணக்கிடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நான்கு ஏரிகளின் முழுக் கொள்ளளவு முறையே 3,231, 1,081, 3,300, 3,645, ஆக 11,257 மில்லியன் கன அடி. புதியதன் 500-ஐச் சேர்த்தால் 11,757. பழைய தேதிகளில் சோழவரம் 881 என்றும், மொத்தம் 11,057 என்றும் இருக்கும். ஆகவே ஒரே எண்ணால் வகுக்காமல், அந்தந்த நாளின் அட்டவணையில் உள்ள கொள்ளளவையே எடுத்து வகுக்க வேண்டும். ஏரிவாரி இருப்பைக் கூட்டி, தளம் காட்டும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு நாளுக்கும் நிரலே சோதிக்கட்டும். ஒத்துப்போகாத தேதிகளைத் தனியே பட்டியலிட்டுக் கண்ணால் பாருங்கள். இறக்கிய ஹெச்.டி.எம்.எல். பக்கங்களைத் தேதிப் பெயரிட்டுச் சேமித்து வையுங்கள், அப்போது நிரலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் தளத்தை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.