லோன் பேர்: தனித்த இணையா, தன்னிணையா?

அனைவருக்கும் வணக்கம். லூயிஸ் வடிவம், அதாவது அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம், வரைவது பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு எல்லோரும் எடுக்கும் நீர்தான். ஆக்சிஜனுக்கு 6, இரண்டு ஹைட்ரஜனுக்கும் சேர்த்து 2, ஆக 8 இணைதிறன் எலக்ட்ரான்கள். இரண்டு பிணைப்புக்கு 4 போக மீதி 4, அவை ஆக்சிஜனைச் சுற்றி இரண்டிரண்டு புள்ளிகளாக உட்காரும். பிணைப்பில் சேராத இந்த எலக்ட்ரான் ஜோடிக்கு, அதாவது லோன் பேருக்கு (lone pair), தமிழில் என்ன போடுவது? தனித்த இரட்டை, தனித்த ஜோடி என்கிறார்கள், இலங்கை வழக்கில் தனிச்சோடி. தனித்தது எப்படி ஜோடியாகும் என்று மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

---

> மாணவர்கள் சிரிக்கிறார்கள்

சிரிக்கட்டும், சிரித்தால் மறக்காது. ஆனால் ஜோடியும் வேண்டாம் சோடியும் வேண்டாம், இரண்டும் வடக்கிலிருந்து வந்தவை. 'பிணையா இணை' என்று வையுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓடாக் குதிரை மாதிரி. சேர்த்து எழுதினால் வகர உடம்படுமெய் பெற்றுப் பிணையாவிணை. இணை என்றாலே சங்கப் பாட்டின் மகன்றில் பறவை ஜோடிதான் நினைவுக்கு வருகிறது. நடுவே ஒரு பூ வந்தாலும் ஓராண்டு பிரிந்தது போல் வருந்துமாம். மகன்றிற் புள்ளிகள் என்றே வைக்கலாம், யாருக்குத் துணிவிருக்கிறது?

---

மகன்றிலை விடுங்கள் ஐயா. பிணையாவிணையை நடுவில் 'ஆவி' என்று பிரித்துத்தான் வாசிப்பார்கள், அதுவும் நீர் பற்றிய பாடத்தில்! பிணைப்பில் உள்ள ஜோடியைப் பிணை இணை என்றால், பிணை இணை, பிணையா இணை இரண்டும் கடைசி வரிசைக்கு ஒன்றாகத்தான் கேட்கும். அப்புறம், அம்மோனியா ஒரு ஹைட்ரஜன் அயனிக்குத் தன் இணையைக் கொடுத்து அம்மோனியம் ஆகிறதே, அப்போது பிணையா இணை பிணைந்துவிட்டது என்று எழுதுவீர்களா?

என் பரிந்துரை தன்னிணை, பங்கிணை. ஒன்று அணுவுக்கே சொந்தம், மற்றது இருவருக்கும் பங்கு. முறைசார் மின்சுமைக் (formal charge) கணக்கும் சொல்லிலேயே வந்துவிடும்: அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தன்னிணையை முழுதாகக் கழி, பங்கிணையில் பாதியைக் கழி. நீரின் ஆக்சிஜனுக்கு 6-4-2, பூச்சியம். அம்மோனியத்தில் நைட்ரஜனிடம் தன்னிணையே கிடையாது, 5-0-4, அதாவது +1. எந்தச் சொல் கணக்கைச் சொல்லித் தருகிறதோ அதுதான் கலைச்சொல்.

---

அக்கா, கணக்கு அழகுதான். ஆனால் தன்னிணை என்றால் வாழ்க்கைத்துணை போல் ஒலிக்கிறது, தேடினால் திருமண விளம்பரம்தான் வரும். நாளைக்குப் பாடநூலைத் திறக்கும் பிள்ளை அங்கே வேறு சொல்லைப் பார்த்து முழிக்கும். வேதியியலாளர் லூயிஸ் 1916இல் ஜோடி எலக்ட்ரான் என்ற கருத்தைத் தந்தார், அப்படி எலக்ட்ரானைப் பங்கிட்டுப் பிணைவதற்குக் கோவேலன்ட் என்ற பேச்சைக் கொண்டுவந்தவர் 1919இல் லாங்மியூர். வரைந்தவர் ஒருவர், பெயர் வைத்தவர் ஒருவர். இங்கே பெயர் வைக்கத்தான் ஆள் அதிகம், படம் இன்னும் வரையவில்லை.

---

> இங்கே பெயர் வைக்கத்தான் ஆள் அதிகம்

கோவேலன்டுக்குச் சகப்பிணைப்பா பங்கீட்டுப் பிணைப்பா என்று அடுத்த சண்டையை ஆரம்பித்துவிடாதீர்கள், தயவுசெய்து. நேரமில்லாததால் 'தனித்த இணை' என்றே அனுப்புகிறேன், பெரும்பாலோர் அதற்குத்தான் சரி என்றிருக்கிறீர்கள். கணக்கு வரும் பக்கத்தில் மட்டும் தன்னிணை, பங்கிணையை ஓரக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.

---

ஓரக்குறிப்பில் பிணையாவிணைக்கு இடமில்லையா? என் மறுப்பு பதிவாகட்டும். பெயரெச்சத்தை மாணவர் தவறாகப் பிரிப்பார் என்றால் திருத்த வேண்டியது மாணவரை, சொல்லை அல்ல.