மே மாத லீவில் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுத்தீர்கள்?

கோவில்பட்டியிலிருந்து:

எந்த வயசுக்கு எந்தப் புத்தகம் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்கிறேன். இங்கே பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கும் கடலைமிட்டாய்க் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், லீவு விட்டதும் மத்தியான வெயிலில் பிள்ளைகளை எங்கேயும் விட முடியாது, அதனால் எல்லாம் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்துவிடும். நாலு வயசுக் குழந்தையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு போகிற பெண் வரைக்கும் ஒரே இடத்தில். இவர்களுக்கு அட்டையில் போட்டிருக்கிற வயசைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தால் சரிவராது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது, எதைக் கேட்டால் கண் விரிகிறது, இந்த இரண்டையும்தான் நான் பார்க்கிறேன்.

சின்னதுகளுக்குப் படம் பெரிதாக இருக்கணும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள், பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம். அதில் நீளமாக முடி வளர்ந்த ஒருவர் முடி வெட்டப் போக, வெட்டிவிட யாருக்குமே நேரமில்லாமல் அவர் அலைகிற கதை ஒன்று இருக்கிறது. ஒரு பொடியனுக்கு அந்த ஒரு கதைதான் வேணும், தினமும் வேணும். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடுவான். இது அலுப்பாக இருக்கிறது என்று அவன் அம்மா வேறு புத்தகம் மாற்றப் பார்த்தார், நான் வேண்டாம் அக்கா என்றேன். அடுத்த வரி மனப்பாடம் ஆனதால்தானே அவன் அந்த வார்த்தைக்குக் கீழே விரலை வைத்து நகர்த்த ஆரம்பித்தான், வாசிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் ஐந்தாம் வகுப்புப் போகிற ஒரு பையன். இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வீட்டில் அவன் வயசுக்கு என்று தடியாக ஒரு புராணக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அதைத் திறந்தாலே தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும் என்று எழுந்துவிடுவான். அரசுப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளை டீச்சரிடம் கேட்டு வாசிப்பு இயக்கம் புத்தகங்களை லீவுக்கு எடுத்து வந்திருந்தது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2023-ல் ஆரம்பித்த திட்டம் அது, புத்தகங்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வைத்திருக்கிறார்கள். இதை யார் யோசித்தார்களோ, அவர்களைக் கும்பிடணும். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் முகம் சுண்டிவிடும், ‘நுழை’ என்றால் அந்த அவமானம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நீதான் வாசித்துக் காட்டணும் என்று அவனிடம் ஒரு நுழை புத்தகத்தைக் கொடுத்தேன். ராத்திரி வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகிவிட்டு மறுநாள் வந்து வாசித்தான். மே முடிகிறபோது ‘ஓடு’ புத்தகங்களைத் தானே எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது, பத்து, பதினொன்று வயசில் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கொடுங்கள். எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்), 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல், கீழடிக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதைப் படித்த கையோடு இங்கே ஒரு கூட்டம் கண்மாய்க் கரையில் பானை ஓடு பொறுக்கப் போய்விட்டது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, இதுவும் அதே விருது வாங்கியதுதான், 2020-ல். தப்பான எண்ணத்தோடு தொடுகிற பெரியவர்களைப் பற்றிக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி பேசுகிற புத்தகம். தயவுசெய்து முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு பிள்ளை படிக்கிறபோது பக்கத்தில் இருங்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாவும் மகளும் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே படித்தார்கள், கேட்பதற்கு நிறைய இருந்தது என்று மட்டும் அந்த அம்மா சொன்னார்.

காமிக்ஸ் வாசிப்பில் சேராது என்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான். பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, அதைப் படித்து வளர்ந்த அப்பாக்களே இன்றைக்குப் பிள்ளை கையிலிருந்து காமிக்ஸைப் பிடுங்குகிறார்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயசுதான் கஷ்டம், கையில் போன் வந்துவிடுகிறது. படம் பார்த்துவிட்டு ‘பொன்னியின் செல்வன்’ கேட்ட பெண் முதல் பாகத்தின் பாதியிலேயே வைத்துவிட்டாள். விட்டுவிட்டேன், வற்புறுத்தவில்லை. அவளிடம் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ கொடுத்தேன். அவர் பக்கத்து இடைசெவல் காரர், குருவிகள் பின்னாலேயே அலைகிற ஒரு பையனின் கதை, சின்னப் புத்தகம். அவள் தாத்தா பேசுகிற பேச்சு அதில் அச்சாகியிருக்கிறது. தாத்தாவிடம் போய் ஒவ்வொரு பறவைப் பேராகக் கேட்டாள், அந்த மனுஷன் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே பேசவில்லை. அதற்குப் பிறகு சோழர் கதையை அவளாகவே திரும்ப எடுத்தாள். அது 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததுக்கு இழுக்கும். நாளுக்கு ஒரு அத்தியாயம், யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்பது என்று வைத்தால் பெரிய பிள்ளைகளும் உட்காருவார்கள். வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம், அது பெரிய நஷ்டம்.

மதுரையிலிருந்து:

என் மகனுக்கு எட்டு வயசு, கதை என்றாலே வேண்டாம் என்பான். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதிக்கு இந்தக் கோடையில் கூட்டிக்கொண்டு போனேன், ஒன்றுமே சொல்லாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்து பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தூக்கினான். மறுநாள் பல்லி, அதற்கு மறுநாள் ராக்கெட். கதை பிடிக்காத பிள்ளை வாசிக்காத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது வீட்டுக்குத் ‘துளிர்’ வருகிறது, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்துகிற சிறுவர் அறிவியல் மாத இதழ். புதிர்ப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கே வருவான்.

பெங்களூரிலிருந்து:

எங்கள் பெண்ணுக்கு ஆறு வயசு. பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான், தமிழ் பேசுவாள், படிக்க வராது. துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களை இரண்டு இரண்டு பிரதியாக வாங்கி, ஒன்றைத் தஞ்சாவூருக்கு என் அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வீடியோ காலில் பாட்டி தமிழில் வாசிப்பார், இவள் இங்கிலீஷ் வரியைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். போன வாரம் ‘அ’வையும் ‘ம்’மையும் காட்டி இதுதானே அம்மா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். கோவில்பட்டி அக்கா, நுழை மாதிரி எளிமையான தமிழ்ப் புத்தகம் எங்களைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

கோவில்பட்டியிலிருந்து:

ஸ்டோரிவீவரில் தமிழ், நிலை ஒன்று என்று தேடி எடுங்கள் தங்கச்சி, இப்போதைக்கு அதுவே போதும். அம்மாவுக்கும் அதே கதையைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அனுப்பிவிடுங்கள்.