இடது காதருகே கை போனாலே தலையைத் தூக்கிவிடும் குதிரை: அடுத்து என்ன செய்யலாம்?

4 மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்த 6 வயதுப் பெண்குதிரை, இடது காதருகே கை போனாலே தலையைச் சடாரென்று தூக்கிப் பின்வாங்குகிறாள். கடிவாளம் மாட்டவே முடியவில்லை. வலது காதைத் தடவ விடுகிறாள்.

கால்நடை மருத்துவர் காது, பல், கழுத்து எல்லாம் பார்த்துவிட்டார். புண், உண்ணி, வலி எதுவும் இல்லை. முன்பு யாரோ காதை முறுக்கிப் பிடித்து அடக்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது என்பதால் தோள் பக்கமாகவே நெருங்குகிறேன். முதலில் பிடரிமயிர் முடியும் இடத்தில் சொறிந்துவிடுவேன். அது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், கீழுதடு தொங்கிவிடும். அப்புறம் கையைக் கழுத்து வழியாக மெல்ல மேலே கொண்டுபோவேன். அசையாமல் நின்றால் உடனே எடுத்துவிடுவேன். தினமும் 10 நிமிடம், 7 வாரமாக. கன்னம்வரை வந்துவிட்டோம். காதுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூக்குத்துளை இறுகிக் கண்ணின் வெள்ளை தெரிகிறது. 3 வாரமாக அங்கேயே நிற்கிறோம். கேரட் கொடுத்தும் பார்த்தேன். வாய் மென்றாலும் கண் என் கையிலேயே இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

கட்டிப்போட்டுப் பழக்குவது வேண்டாம். இத்தனை நாள் சேர்த்த நம்பிக்கை போய்விடும்.

அந்த ஒரு சாணைக் கடக்க, கைக்குப் பதில் மென்மையான துணியால் தொடங்கலாமா, அல்லது முதலில் அவளாகவே தலையைத் தாழ்த்தப் பழக்கிவிட்டுக் காதுக்கு வரவேண்டுமா?