புதிய டைவ் கம்ப்யூட்டர்: எந்த வசதி நீருக்கடியில் உண்மையில் பயன்படுகிறது?

முத்துச்சிப்பி:

வணக்கம். ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவிதான் டைவ் கம்ப்யூட்டர். இதுவரை வாடகைக்குக் கிடைத்த கறுப்பு வெள்ளைத் திரைக் கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டே முக்குளித்து வந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க எண்ணுகிறேன். பொழுதுபோக்கு டைவிங்தான் என் எல்லை. 30 மீட்டருக்குக் கீழே போவது அரிது. உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படும் டைவ்களை நான் மேற்கொள்வதில்லை. நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்றுக் கலவை) பயிற்சி முடித்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டதால் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் சிறிய எழுத்துகளைப் படிக்க முடிவதில்லை.

விற்பனைப் பக்கங்களைப் புரட்டினால் அமோலெட் திரை, ஜி.பி.எஸ்., இதயத் துடிப்பு, கம்பியில்லாக் காற்றழுத்த அளவீடு, சக முக்குளிப்பவருக்குக் குறுஞ்செய்தி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் எவை நீருக்கடியில் கைகொடுப்பவை, எவை கரையில் காட்டி மகிழ்வதற்கு மட்டும் ஆனவை என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன். குறிப்பாக, கைக்கடிகார அளவில் வரும் கருவி நல்லதா, பெரிய திரை கொண்ட கருவி நல்லதா என்பதில்தான் என் மனம் தடுமாறுகிறது.

நீரோட்டம்:

நீங்கள் கடைசியில் சொன்ன வெள்ளெழுத்திலிருந்தே தொடங்குகிறேன். தட்டையான முகமூடிக் கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் உண்மைத் தொலைவில் ஏறத்தாழ முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் நீட்டிப் பிடித்த திரையை, 30 சென்டிமீட்டரில் இருப்பதாக எண்ணிக் கண் குவிக்க வேண்டியிருக்கிறது. எழுத்து சற்றுப் பெரிதாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அருகில் குவிக்க முடியாத கண்ணுக்கு, பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும் எண்ணால் என்ன பயன்? எனவே உங்கள் முதல் அளவுகோல் இலக்கங்களின் உயரமாகத்தான் இருக்க வேண்டும். திரையின் அங்குலக் கணக்கு மட்டும் போதாது, ஏனென்றால் பெரிய திரையிலேயே ஒன்பது தகவல்களை நெருக்கி அடைத்துவிட்டு ஆழத்தைப் பொடி எழுத்தில் காட்டும் கருவிகளும் இருக்கின்றன.

டைவின் நடுவே நமக்கு அடிக்கடி தேவைப்படுபவை இப்போதைய ஆழம், நிறுத்தமின்றி மேலேறுவதற்கு மிஞ்சியுள்ள நேரம், கழிந்த நேரம் ஆகிய மூன்றும், மேலேறும்போது அதன் வேகமும். இந்த நான்கையும் பட்டனைத் தொடாமல், ஒரே பார்வையில், எது எதுவென்று யோசிக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 2020-இல் வந்த ஷியர்வாட்டர் பெரெக்ரின் பொழுதுபோக்கு முக்குளிப்பவர்களிடையே அவ்வளவு பெயர் வாங்கியதற்கு அதன் 2.2 அங்குலத் திரையும் இரண்டே பட்டன்களும் முக்கியக் காரணம் என்பேன். அந்த முதல் பதிப்பில் காற்றழுத்த இணைப்புகூடக் கிடையாது.

அமோலெட் பற்றி ஒரு சொல். இருட்டிலும் கலங்கல் நீரிலும் அதன் தெளிவுக்கு ஈடில்லை. ஆனால் அது தன் ஒளியாலேயே தெரிவது; வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி வேகமாகக் கரையும், இரவு டைவில் குறைக்க மறந்தால் கண் கூசும். ஒளியைத் திருப்பி அனுப்பிக் காட்டும் வகைத் திரை, எடுத்துக்காட்டாகக் கார்மின் டிசென்ட் ஜி1-இல் உள்ளது, நடுப்பகல் வெயிலில் அழகாகத் தெரியும். ஆழம் கூடி வெளிச்சம் குறையும்போது பின்னொளியை நாட வேண்டும். எந்தத் திரையானாலும் வண்ணத்தை மட்டும் நம்பி எச்சரிக்கை தரும் கருவி எனக்கு ஒப்பாது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாவது படத்தில் நன்றாகத்தான் இருக்கும். நிறம் பிரித்தறிவதில் குறை உள்ளவருக்கு அது வெறும் பொட்டு. அதிர்வும், பெரிய எழுத்தில் ஒரு சொல்லும் கூடவே வர வேண்டும்.

ஆழ்நோக்கி:

நீரோட்டம் சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் திரைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆழத்தின் அழுத்தத்தில் உடலில் கரையும் நைட்ரஜனை இந்தக் கருவி எப்படிக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கின் எச்சரிக்கை அளவை (அது எவ்வளவு முன்ஜாக்கிரதையாகக் கணக்கிடுகிறது என்பதை) நாம் அறிந்து மாற்ற முடியுமா? முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அல்காரிதத்தை வைத்துக்கொண்டு அதன் உள்விவரத்தை மூடியே வைத்திருந்தது. இப்போது பல புதிய கருவிகள் ஸூரிக்கில் ஆய்வு செய்த ஆல்பர்ட் பூல்மனின் முறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நீண்ட காலம் வேறு முறையைப் பின்பற்றிய சூன்டோவும் 2024-இல் வெளியிட்ட ஓஷன் கருவியில் பூல்மன் 16 முறையைத் தந்திருக்கிறது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் இயங்கும் ஓஷனிக் பிளஸ் செயலியும் அதே வழிதான்.

அம்முறை உடலை 16 கற்பனைத் திசுக்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் நைட்ரஜனை ஏற்பதும் விடுவதும் வெவ்வேறு வேகத்தில். மிக விரைவானதன் அரைநேரம் (பாதியளவு நிரம்ப எடுக்கும் நேரம்) 4 நிமிடம், மிக மந்தமானதன் அரைநேரம் 635 நிமிடம். மேலேறும்போது ஒவ்வொரு திசுவும் தாங்கக்கூடிய மிகை அழுத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பில் எத்தனை விழுக்காடு வரை நெருங்கலாம் என்று நாம் வைப்பதுதான் கிரேடியன்ட் ஃபேக்டர்; அதை இரண்டு எண்களாக எழுதுவார்கள். ஷியர்வாட்டர் கருவிகளின் பொழுதுபோக்கு நிலையில் குறைந்த எச்சரிக்கைக்கு 45/95, நடுத்தரத்துக்கு 40/85, கூடுதலுக்கு 35/75 என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: கட்டாய நிறுத்தம் இல்லாத டைவில், நிறுத்தமின்றி மேலேறும் நேரத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது எண் மட்டுமே. முதல் எண் கட்டாய நிறுத்தம் வந்த பிறகு அது எவ்வளவு ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆகவே உங்களைப் போன்றவர்கள் முதல் எண்ணைப் பற்றி நீண்ட விவாதங்களில் இறங்கத் தேவையில்லை. இரண்டாவதை 85 அளவிலோ, வயதும் களைப்பும் குளிர்ந்த நீரும் சேரும் நாள்களில் 75 அளவிலோ வைத்துக்கொண்டால் போதும்.

திசுக்களின் நிலையைத் தூண் வரைபடமாகக் காட்டுவதைப் புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். 1983-இல் வந்த ஆர்கா எட்ஜ் கருவியே 12 திசுக்களை அப்படி வரைந்து காட்டியது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பவளத்திட்டு:

மேலே உள்ள இருவரும் பெரிய திரையின் பக்கம் சாய்ந்து பேசுவதால் கடிகார வகையின் சார்பில் வாதாட வருகிறேன். பெரிய கருவி டைவுக்கு முன்னால் பையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியது. மறக்கப்படுவதும், கீழே விழுவதும், மற்றவர் பையில் போய்ச் சேருவதும் அதுதான். கடிகாரம் எப்போதும் கையில் இருக்கிறது. டைவ் முடிந்து மறுநாள் விமானம் ஏறும் முன் எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பதை மணிக்கட்டைத் திருப்பினாலே காட்டிவிடுகிறது. ஒரே டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம் என்ற பொதுவான பரிந்துரை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் களைப்பில் எந்த மணியிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதுதான் மறந்துபோகும்.

அதே நேரத்தில் குறையையும் மறைக்கப் போவதில்லை. தொடுதிரை நீருக்குள் உதவாது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவிலும்கூட நீருக்கடியில் பக்கவாட்டுச் சக்கரத்தையும் பட்டனையும்தான் நம்ப வேண்டும், அதன் ஆழமானியும் 40 மீட்டர் வரைக்குமே. ஐந்து பட்டன் கடிகாரம் என்றால், ஐந்து மில்லிமீட்டர் கையுறை போட்ட விரல், பக்கத்துப் பட்டனையும் சேர்த்தே அழுத்தும். ஒரு கையால் இறங்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கடிகாரம் கட்டிய கையின் பட்டனை அதே கையால் அழுத்த முடியாது என்பது கரையில் யாருக்கும் தோன்றுவதில்லை. எனவே திசைகாட்டியைக் கொண்டுவர எத்தனை அழுத்தம் தேவை என்று வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் அந்த வசதி இல்லாததுபோலத்தான்.

உள்ளேயே மூடி வைத்த சார்ஜ் பேட்டரி ஆண்டுகள் போகப் போகத் தளரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாமே மாற்றும் பேட்டரியில் வேறு தொல்லை: ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகும். எனக்குப் பின்னதைவிட முன்னதே மேல்.

முத்துச்சிப்பி:

மூவருக்கும் நன்றி. வெள்ளெழுத்துக் கணக்கைப் படித்த பிறகு கடிகார ஆசை பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். காற்றழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் குழாயோடு தொங்கும் பழைய அழுத்தமானியைக் கழற்றிவிடலாமா? அடுத்து, என்னுடன் வழக்கமாக முக்குளிக்கும் என் மைத்துனர் வேறு நிறுவனக் கருவி வைத்திருக்கிறார். அவருடையது ஒரு நேரத்தையும் என்னுடையது வேறு நேரத்தையும் காட்டினால் எதைக் கேட்பது?

நீரோட்டம்:

அழுத்தமானியைக் கழற்றாதீர்கள். டிரான்ஸ்மிட்டரின் அருமை, சிலிண்டரில் மிஞ்சிய அழுத்தத்தை ஆழத்துக்குப் பக்கத்திலேயே காட்டுவதும், நீங்கள் மூச்சிழுக்கும் வேகத்தைப் பார்த்து இன்னும் எத்தனை நிமிடத்துக்குக் காற்று வரும் என்று மதிப்பிடுவதும். அந்த மதிப்பீடு கடந்த சில நிமிட மூச்சின் சராசரி என்பதால், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தொடங்கிய உடனே சரியாக இருக்காது. டிரான்ஸ்மிட்டருக்கும் தனியே பேட்டரி உண்டு. சில வகைகளில் மணிக்கட்டை ஒரு கோணத்தில் திருப்பினாலும், அருகில் கேமரா ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதும் இணைப்பு அறுந்து மீளும். அப்போது குழாயின் முனையில் உள்ள எளிய அழுத்தமானி கைகொடுக்கும்.

டிரான்ஸ்மிட்டர் ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரின் வாயில் பொருத்தும் பகுதியில்), உயரழுத்தத் துளையில், கட்டைவிரல் பருமனில் துருத்திக்கொண்டு நிற்கும். படகில் சிலிண்டரைத் தூக்க வருபவர்களுக்கு அது கைப்பிடியாகத்தான் தோன்றும். கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழ்நோக்கி:

இரண்டாம் கேள்விக்கு: இருவரில் எவருடைய கருவி குறைந்த நேரத்தைக் காட்டுகிறதோ அதையே இருவரும் பின்பற்ற வேண்டும். முடிந்தால் இரண்டிலும் எச்சரிக்கை அளவை நெருங்கிய நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடையது வேறு அல்காரிதம் என்றால் முழுதும் ஒத்துப்போகாது, அதனால் கவலை வேண்டாம். கருவியை மட்டும் தொடர் டைவ்களுக்கிடையே மாற்றிக்கொள்ளாதீர்கள். முதல் டைவில் உங்கள் உடலில் சேர்ந்த நைட்ரஜனின் கணக்கு நீங்கள் கட்டியிருந்த கருவிக்குள் மட்டுமே இருக்கிறது. மைத்துனருடையதை வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினால் அது அவருடைய உடலுக்கான கணக்கை உங்களுக்குச் சொல்லும்.

நன்னீர், உப்புநீர் அமைப்பு பற்றியும் பலர் தேவையில்லாமல் அஞ்சுவதுண்டு. ஷியர்வாட்டர் போன்ற கருவிகளில் உணரி அளப்பது அழுத்தத்தை. நைட்ரஜன் கணக்கும் அழுத்தத்தின்மேல்தான் நடக்கிறது. அமைப்பு தவறாக இருந்தால் திரையில் தெரியும் ஆழம் 3 விழுக்காடு அளவுக்கு மாறும், அவ்வளவுதான். ஆனால் நைட்ராக்ஸ் கலவை தவறாக இருந்தால் அப்படி விட முடியாது. ஆழம் கூடக் கூட ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தமும் கூடும்; 32 விழுக்காட்டு ஆக்ஸிஜனுக்கு, அந்த அழுத்தத்தின் 1.4 பார் வரம்பில் அதிகபட்ச ஆழம் ஏறத்தாழ 33 மீட்டர். கருவியில் 21 என்றே இருந்துவிட்டால் அது 33-ஐத் தாண்டும்போது வாய் திறக்காது. குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் தானாகவே சாதாரணக் காற்றின் அமைப்புக்குத் திரும்பிவிடும் கருவிகளும் உள்ளன, முந்தைய நாள் வைத்ததை அப்படியே பிடித்துக்கொள்பவையும் உள்ளன. உங்களுடையது எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் எதுவானாலும், சிலிண்டரைச் சோதித்துப் பார்த்த எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் நீரில் குதிக்கும் முன் ஒப்பிடுங்கள்.

பவளத்திட்டு:

ஒரு சிறு சேர்க்கை. வரம்பை மீறினால் 24 அல்லது 48 மணி நேரத்துக்குக் கணக்கிடுவதையே நிறுத்தி, வெறும் ஆழமானியாக மாறிவிடும் கருவிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. வேறு சில எச்சரித்துவிட்டுத் தொடர்ந்து கணக்கிடும். வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், விளம்பரத்தில் இது இருக்காது. மற்றபடி உங்கள் கண்ணின் நிலைக்கு, கடிகாரத்தின் வழக்கறிஞனான நானே பெரிய திரையைத்தான் பரிந்துரைப்பேன். டிரான்ஸ்மிட்டரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கான இணைப்பு இருக்கும் பதிப்பாக மட்டும் பார்த்து வாங்குங்கள்.