ஹார்மோன் மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறிய பின் நெஞ்சுப் படபடப்பு: ஜெல்லை நிறுத்தலாமா?

உறையூர் வாசகி:

வணக்கம். எனக்கு வயது 49. மாதவிலக்கு நின்று இரண்டரை ஆண்டு ஆகிறது. கழுத்திலிருந்து முகம் வரை அனல் ஏறுவதும், இரவில் வியர்த்து விழித்துக்கொள்வதும் தாங்க முடியாமல் போனதால், சென்ற ஆண்டு மகப்பேறு மருத்துவர் எஸ்ட்ராடையால் என்ற எஸ்ட்ரோஜன் 2 மி.கி. மாத்திரையும், கர்ப்பப்பை இருப்பதால் அதனுடன் இரவில் புரோஜெஸ்டிரோன் 100 மி.கி. காப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தார். அனலும் வியர்வையும் பெருமளவு அடங்கின. தைராய்டு குறைபாட்டுக்காகப் பல ஆண்டுகளாக நான் தைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுத்துவந்தேன்; ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய பிறகு டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறி, மிகுந்தால் இறங்கும் இரத்தச் சோதனை அளவு) ஏறியிருந்ததால், தைராய்டைப் பார்க்கும் மருத்துவர் அதை 100 ஆக உயர்த்தினார்.

இதற்கிடையில் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியிருந்ததால், எஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோலில் தடவும் ஜெல்லுக்கு மாற்றினார்கள். காப்ஸ்யூல் மட்டும் முன்போலவே தொடர்கிறது. மாறி மூன்று மாதங்கள் ஆகின்றன. கடந்த சில வாரங்களாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. படுத்தால் காதுக்குள் துடிப்புக் கேட்கிறது. காலையில் கோலம் போடும்போது விரல்கள் நடுங்கி, மாவு இழை ஒரே சீராக விழுவதில்லை. இசிஜி எடுத்ததில் எல்லாம் சரியாக இருப்பதாகவும், இந்த வயதில் இது இயல்பு என்றும் கூறி அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் ஜெல்லை நிறுத்தச் சொல்கிறார். ஜெல்தான் காரணமா? நானே நிறுத்திவிடலாமா?

கொங்கு வாசகி:

சகோதரி, எனக்கு 42 வயதில் கர்ப்பப்பையுடன் இரண்டு சினைப்பைகளையும் அகற்றினார்கள். அதன் பிறகு விடியற்காலையில் நெஞ்சு அடித்துக்கொண்டு எழுவதும், எழுந்த கையோடு உடல் முழுக்க வியர்ப்பதும் வாடிக்கையாகிவிட்டது. எனக்கு ஹார்மோன் தொடங்கியதும் அது குறைந்தது. எனவே ஹார்மோன் என்றாலே படபடப்பு வரும் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எனக்குப் படபடப்பும் அனலும் எப்போதும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே அடங்கும். உங்களுக்கு அனல் அடங்கிய பிறகு படபடப்பு மட்டும் தனியே வருகிறதே, அது ஏன்? இதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். "எல்லாம் மனப் பதற்றம்தான்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவள் என்பதால் சொல்கிறேன்.

பெயர் வெளியிடாதவர்:

ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் கெடுக்கும் என்று 2002-இலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடத்திக் கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே நிறுத்திவிடுவதே நல்லது.

பொது மருத்துவர்:

மேலே குறிப்பிடப்பட்ட ஆய்வைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அவர்களுக்குத் தரப்பட்டவை குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜனும், செயற்கைப் புரோஜெஸ்டிரோன் வகையான மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரைகள். ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் ஏழு பேருக்கு மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்பு கூடுதலாக வந்தது என்பதுதான் அதன் கணக்கு. 49 வயதில் ஜெல் தடவும் ஒருவருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. படபடப்புக்கான விடையும் அதில் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெல்லை விசாரிப்பதற்கு முன் தைராக்சினை விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. வாய்வழியாக எடுக்கும் எஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுகிறது. அதனால் இரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் தைராக்சின் குறைகிறது. தைராய்டு நன்றாக இயங்குபவர்களுக்குச் சுரப்பியே அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மாத்திரையை நம்பியிருப்பவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறும், அளவையும் கூட்ட வேண்டி வரும். உங்களுக்கு 75 என்பது 100 ஆனது இப்படித்தான் இருக்க வேண்டும். தோல்வழியாகச் செல்லும் எஸ்ட்ரோஜன் கல்லீரலை அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை என்பதால், ஜெல்லுக்கு மாறியதும் அந்தப் புரதம் பழைய அளவுக்கு இறங்கியிருக்கும்; தைராக்சின் மட்டும் 100-இலேயே நின்றுவிட்டது. அதனால் இப்போது அது உங்கள் உடலுக்கு மிகையாகியிருக்கலாம். விரல் நடுக்கமும், ஓய்விலும் ஓயாத படபடப்பும் இதனுடன் பொருந்துகின்றன. மகப்பேறு மருத்துவர் ஒரு பக்கம், தைராய்டைப் பார்ப்பவர் இன்னொரு பக்கம் என்று இருக்கும்போது, ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஜெல்லுக்கு மாறிய பிறகு டி.எஸ்.எச். பார்த்தீர்களா?

இரண்டாவது, துடிப்பின் தாளம். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே மூன்று விரல்களை வைத்து, அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். பிறகு அந்தத் தாளத்தை மேசை மீது விரலால் தட்டிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போதும் அதையே தட்டிக் காட்டுங்கள். அனல் ஏறும்போது வரும் படபடப்பு மெல்லக் கூடி மெல்லக் குறையும். விளக்கின் சுவிட்சைப் போட்டது போலத் திடீரென்று 150-க்கு மேல் ஓடி, அதே போலத் திடீரென்று நின்றால், அது இதயத்தின் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ஓங்கி அடித்தால், அது முந்திக்கொண்டு வரும் கூடுதல் துடிப்பு, பெரும்பாலும் தீங்கற்றது. எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாகத் துடித்தால், ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனா (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி சரியாக இருப்பதை வைத்து இவற்றில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. உடலில் சிறு கருவியைப் பொருத்தி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு தேவை.

ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் இன்னொன்றையும் கேட்காமல் விடக்கூடாது. சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டதுண்டா? இருந்தால், அது இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்பதால், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து மைட்ரல் வால்வைப் பார்க்க வேண்டும். வால்வுச் சுருக்கம் நாற்பதுகளில் முதல்முறையாகப் படபடப்பாகத் தலைகாட்டுவது உண்டு, அதை மாதவிலக்கு நின்றதன் கணக்கில் எழுதிவிடுவதும் உண்டு.

ஜெல்லை நீங்களாக நிறுத்த வேண்டாம். அனலும் வியர்வையும் திரும்பி வந்தால் எது எதனால் என்று பிரித்தறிவது இன்னும் கடினமாகும். ஜெல்லைத் தொடரும் வரை காப்ஸ்யூலையும் விடக்கூடாது. எஸ்ட்ரோஜன் மட்டும் தனியே போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் அபாயம் கூடும். ஆனால் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று படபடப்புடன் வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உறையூர் வாசகி:

மிக்க நன்றி, ஐயா. ஜெல்லுக்கு மாறிய பிறகு டி.எஸ்.எச். பார்க்கவே இல்லை. நேற்று உட்கார்ந்தபடி எண்ணியபோது நிமிடத்துக்கு 104 இருந்தது. தாளம் சீராகவே இருந்தது. எடை இரண்டு கிலோ குறைந்ததை நடைப்பயிற்சியின் பலன் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். பென்சிலின் ஊசி போட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை. நாளைக் காலை இரத்தம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை போடுகிறேன். அதனால் பாதகமில்லையே? தைராய்டு மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் காபி குடிக்கும் பழக்கமும் உண்டு.

பொது மருத்துவர்:

நாளை கொடுக்க வேண்டாம். பயோட்டின் உடலுக்குள் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பல ஆய்வகங்களின் சோதனை முறையில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும், தைராக்சினைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். உங்கள் விஷயத்தில் நாம் தேடுவதும் அதே முடிவைத்தான் என்பதால், வந்தது உண்மையா பொய்யா என்று தெரியாமல் போகும். குறைந்தது இரண்டு நாள் பயோட்டினை நிறுத்திவிட்டு, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (கட்டுப்படாமல் உலவும் தைராக்சின்) இரண்டுக்கும் இரத்தம் கொடுங்கள்; அன்று காலைத் தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

காபிப் பழக்கத்தை இப்போது திடீரென்று மாற்ற வேண்டாம். காபி மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது. இதை நான் சொன்னதும் நீங்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கத் தொடங்கினால், இன்னும் கூடுதலாக மருந்து உள்ளே போய்ப் படபடப்பு அதிகரிக்கலாம். முடிவு வந்து அளவைத் திருத்திய பிறகு, வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி என்று ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்ளலாம். கால்சியமோ இரும்புச்சத்தோ எடுப்பதாக இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

டி.எஸ்.எச். மிகவும் குறைந்திருந்தால், அளவை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். தைராக்சினின் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், மறுநாளே படபடப்பு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதுவரை தாங்க முடியாவிட்டால், ஆஸ்துமா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைச் சிறிது காலத்துக்குக் கொடுப்பார்கள். மறுசோதனை ஆறு முதல் எட்டு வாரங்களில். தைராய்டுதான் காரணம் என்று தெரிந்தாலும் ஹோல்டரைத் தள்ளிப்போட வேண்டாம். தைராய்டு ஹார்மோன் மிகுந்திருக்கும்போதுதான் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். இந்த முறை இரண்டு மருத்துவர்களிடமும் எல்லா மருந்துச் சீட்டுகளையும், பயோட்டின் டப்பாவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள்.