எடை கூடின வாரமும் வருவீர்களா?

கோயம்புத்தூரிலிருந்து, 44 வயது

எடை குறைக்கப் போகிறேன் என்று ஐந்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். காலையில் நாங்கள் ஆறு பேர் இரண்டு சுற்று நடப்போம். நடந்து முடித்த கையோடு ஓட்டலில் உட்கார்ந்து ஆளுக்கொரு நெய் ரோஸ்ட், ஒரு காபி. என் எடைக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 300 கலோரி கரைந்தாலே பெரிது. அதை அந்த மேஜையிலேயே வட்டியோடு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவோம். அதற்கு வாக்கிங் குரூப் என்று பெயர் வேறு.

பிறகு எங்கள் ஏரியாவில் ஒரு டயட்டீஷியன் மேடம் 16 வாரத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். சேர்ந்தது 14 பேர். என் உயரம் 156 செ.மீ., அன்றைக்கு எடை 84.6 கிலோ. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, போட்டால் 34.8 வந்தது. நம் நாட்டுக்காரர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்று மேடம் சொன்னதும் நான் கீழே குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்திருப்பேன். காரணம் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் எல்லாரும் ஒரே மெஷினில் ஏறுவோம். எடையை நம் கையாலேயே நோட்டில் அந்த வாரத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். டயட் சார்ட் என்று பெரிதாக எதுவும் தரவில்லை. முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். வீட்டில் தீர்ந்துபோகும் எண்ணெய்ப் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் சேர்த்துவையுங்கள், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. நீள மேஜையில் பழைய தினமலரை விரித்து அவரவர் பாக்கெட்டை வரிசையாக வைத்தோம். அறை முழுக்கக் கடலை எண்ணெய் வாசம். நாலு பேர் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு லிட்டர் பாக்கெட் ஏழு, நெய் கணக்கில் இல்லை. மேடம் அங்கேயே வகுத்துக் காட்டினார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 58 மில்லி, அதாவது எண்ணெயில் மட்டும் கிட்டத்தட்ட 480 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்றார். "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க, தண்ணி குடிச்சாலே குண்டாகற உடம்பு" என்று முதல் வாரம் சொன்னது நான்தான். ஏழு பாக்கெட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எங்களில் ஒருவர் மூன்றே பாக்கெட் கொண்டுவந்திருந்தார். எல்லாரும் ஆச்சரியப்பட்டோம், எனக்குக் கொஞ்சம் பொறாமையும்தான். நாலு வாரம் கழித்து அவரே எழுந்து, "இன்னும் மூணு வீட்ல இருந்துச்சுங்க, கூச்சமா இருந்துச்சு" என்றார். அன்றைக்குத்தான் அது குரூப் ஆனது என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு டிவி முன்னால் மிக்சர் டப்பாவோடு உட்காருவதைச் சொன்னார். இன்னொருவர் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வீணாகிறதே என்று தின்று தீர்ப்பதைச் சொன்னார். அப்புறம் கேட்கவே வேண்டாம், ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தோம். எடையைச் சொல்லக்கூட அவ்வளவு வெட்கமில்லை. சாப்பிட்டதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஆளுக்கு ஒரு ஜோடி உண்டு. எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா, 61 வயது. ராத்திரி ஒன்பதுக்கு போன் வரும். "அம்மணி, சாப்பிட்டாச்சா?" ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் இதற்கு "ஆச்சுங்கம்மா" என்றால் விடமாட்டார். என்ன, எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன என்று எல்லாம் சொல்ல வேண்டும். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். "செரி, தூங்கு" என்று வைத்துவிடுவார். மூன்றாவது தோசையை ஊற்றும்போது அந்த ஒன்பது மணி ஞாபகத்துக்கு வரும். பாதி நாள் அதனாலேயே அடுப்பை அணைத்திருக்கிறேன்.

ஒன்பதாவது வாரம் 80.2 வந்துவிட்டேன். இந்தச் சமயத்தில்தான் வீட்டில் தொல்லை ஆரம்பித்தது. "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே, சுகரா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அப்புறம் தீபாவளி. அதிரசம், முறுக்கு, மாமியார் வீட்டு மட்டன் பிரியாணி. அந்த ஞாயிறு நான் போகவில்லை, தலைவலி என்று மெசேஜ் போட்டேன். அடுத்த ஞாயிறும் போகாமல் இருப்பதற்குக் காரணம் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆறு மணிக்கு காலிங்பெல் அடித்தது. நர்ஸம்மா, ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போடாமலே நிறுத்தி வைத்திருக்கிறார். "உன்ர கட்டம் காலியா இருக்குது. வா."

81.9. என் கையாலேயே எழுதினேன். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ சர்க்கரை இல்லாத காபியை நீட்டினார்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும், இதில் பெரும்பங்கு உப்பும் மாவும் பிடித்துவைத்த தண்ணீர், பத்து நாளில் இறங்கிவிடும் என்றார் மேடம். இறங்கியது. பதினாறாவது வாரம் 79.1.

திட்டம் முடிந்த பிறகு அந்த நோட்டை எண்ணிப் பார்த்தேன், கணக்குக்காரி புத்தி. 14 பேர், 16 வாரம், மொத்தம் 224 கட்டங்கள். எடை கூடியதாக எழுதியிருந்தது 19. காலியாக விட்டது 47. எடை கூடின வாரத்தில் ஆள் வருவதில்லை. வராமல் போனவர்களில் நாலு பேர் அப்புறம் வரவே இல்லை. மெஷின் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் ஏதோ கொஞ்சமாவது குறைந்திருக்கிறார்கள். உங்கள் அனுபவம் எப்படி? கூடின வாரம் போனீர்களா?


லண்டனிலிருந்து, 51 வயது

நான் யாழ்ப்பாணம், 20 வருசமாக ஹரோவில் இருக்கிறேன். அக்கா எழுதின எண்ணெய்ப் பாக்கெட் கதையை வாசித்துச் சிரித்துவிட்டு, பிறகு போய் என்ர குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எனக்குப் பிரஷர் ஏறினபோது எங்கட ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், 12 கிழமைக்கு (வாரத்துக்கு) இலவசமாக ஒரு குழுவுக்கு எழுதித் தந்தார். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் செவ்வாய் பின்னேரம் நடக்கும். இங்கே எடையை ஸ்டோனிலும் இறாத்தலிலும் (பவுண்டிலும்)தான் சொல்வார்கள். அரை இறாத்தல், அதாவது கால் கிலோவும் இல்லை, அது குறைந்தாலே மண்டபம் முழுக்கக் கை தட்டும். முதல் நாள் எனக்கு அது விசராகத் தெரிந்தது. மூன்றாம் கிழமை எனக்குத் தட்டினபோது கண் கலங்கிப் போச்சு, ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

நடத்துகிற பெண் சொன்ன கதை ஒன்று, அக்காவின் மூன்று பாக்கெட் ஆளுக்குப் பொருந்தும். 1961இல் நியூயார்க் குவீன்ஸில் ஜீன் நைடெட்ச் என்றொரு குடும்பப் பெண், 214 இறாத்தல் எடை. நகரசபை சுகாதாரத்துறை நடத்திய கிளினிக்குக்குப் போனார். எடை குறைந்தது. ஆனால் களவாக பிஸ்கட் தின்பதை அங்கே ஒருவருக்கும் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் தன்னைப் போலப் பருத்த ஆறு சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டம்தான் வளர்ந்து 1963இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமானது.

ஆனால் ஒன்று, நான் அக்காவோடு ஒத்துப்போகாத இடம். பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்கு நான் உண்மை சொல்லமாட்டேன். எங்கட சனத்துக்கு முன்னால் மெஷினில் ஏறினால் இரவுக்கிடையில் ஹரோ முழுக்க என்ர எடை தெரிந்துவிடும். அந்த மண்டபத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்குத் துணிவு தந்தது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், இரண்டு ஆசிரியைகள், ஒரு போலந்துப் பிள்ளை. இடியப்பத்துக்குச் சொதி என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. தேங்காயின் முதற்பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலில் மட்டும் சொதி வைக்கப் பழகினது அங்கேதான், அதுவும் அந்தப் போலந்துப் பிள்ளை கேட்ட கேள்வியால்: "அந்தத் தடிப்பான பால் இல்லாமல் செய்தால் என்ன நடக்கும்?" ஒன்றும் நடக்கவில்லை.

12 கிழமை முடிய, காசு கட்ட வேண்டுமே என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தது. மருத்துவம் படிக்கிற மகள், 2017இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினாள். 1,267 பேர். 12 கிழமை குழுவுக்குப் போனவர்கள் ஒரு வருச முடிவில் சராசரி 4.75 கிலோ குறைந்திருந்தார்கள், 52 கிழமையும் போனவர்கள் 6.76 கிலோ. கையில் புத்தகத்தை மட்டும் வாங்கிப்போனவர்கள் 3.26. "அம்மா, சீட்டுக் கட்டுறீங்கள்தானே, இதையும் கட்டுங்கோ" என்றாள். இப்ப கட்டுகிறேன்.


சென்னையிலிருந்து, 36 வயது

ஐ.டி. வேலை. எல்லாரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டுமே.

எங்கள் ஆபீஸில் எட்டு வாரப் போட்டி வைத்தார்கள். அதிக சதவீதம் எடை குறைப்பவருக்குப் பரிசு. வாராவாரம் கேன்டீன் டிவியில் பெயர், எடை, ரேங்க். கடைசி இடத்தில் இருந்த பெண் இரண்டாம் வாரத்திலிருந்து கேன்டீனுக்கே வரவில்லை, சீட்டிலேயே சாப்பிட்டாள். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஸ்டெப் கவுன்ட்டுக்காக ஒருத்தன் போனை மின்விசிறியில் கட்டிவிட்டான். கடைசி வாரம் நான் இரண்டு நாள் சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. 6 கிலோ குறைந்து மூன்றாம் பரிசு, ஏதோ ஒரு கூப்பன். நாலு மாதத்தில் 8 கிலோ ஏறியது. குழு என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த டிவிதான். யாராவது ஒருவர் ஒன்பது மணிக்கு போன் செய்து "சாப்பிட்டாச்சா" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. எடுத்திருக்கமாட்டேனோ என்னவோ.


திண்டுக்கல்லிலிருந்து, 59 வயது

நான் ரிட்டயர்டு கண்டக்டர். சுகர் வந்து பதினோரு வருஷம். எங்கள் குழுவில் நாலே பேர், தலைவர் டீக்கடை மாஸ்டர். ஒரு நாள் நாலு பேரும் சேர்ந்து அவரிடம் சொல்லிவிட்டோம், எங்களில் யார் வடை கேட்டாலும் கொடுக்காதே, காசைக் காட்டினாலும் கொடுக்காதே என்று. "வியாபாரத்தக் கெடுக்குறீகளேண்ணே" என்று புலம்பினார். ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. போன மாதம் வெளியூர் போன இடத்தில் வேறு கடையில் இரண்டு வடை தின்றேன். திரும்பி வந்ததும் அவரிடம் போய் நானாகவே சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று வீட்டம்மா கேட்டாள், பதில் இல்லை. ஒன்றரை வருஷத்தில் ஐந்து கிலோ.

சுகர்காரர்களுக்கு மட்டும் ஒன்று. சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைக்கிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாட்டைக் கணக்குப் பண்ணித்தான் கொடுப்பார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்து, ஒரு நாள் காலையில் சர்க்கரை இறங்கிப்போய், கடை பெஞ்சிலேயே வேர்த்து விறுவிறுத்துக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மாஸ்டர்தான் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார். அப்புறம் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.


திருப்பூரிலிருந்து, 27 வயது

அக்கா, குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆச்சு, 19 கிலோ கூடியிருக்கேன். எங்க பக்கத்துலயும் இந்த மாதிரி ஒரு குரூப் இருக்கு. போலாம்னு நினைப்பேன், நோட்டுல நம்ம எடையை எல்லாரும் பார்ப்பாங்கன்னு நினைச்சதும் நின்னுடறேன். லண்டன் அக்கா சொன்ன பயம்தான் எனக்கும்.


கோயம்புத்தூரிலிருந்து, 44 வயது

லண்டன் அக்கா சொன்னதை நான் யோசித்ததே இல்லை. அவர் சொல்வதும் சரிதான் போலிருக்கிறது. நர்ஸம்மா வாயைத் திறக்காத ஆள் என்பது என் அதிர்ஷ்டம், எல்லாருக்கும் அப்படி அமையாது. சென்னைத் தம்பி, அந்தப் பெண்ணிடம் இப்போதுகூடப் பேசலாம்.

திருப்பூர் தங்கச்சிக்கு: மேடம் திட்டம் முடிந்த பிறகு நாங்கள் ஏழு பேர் எங்கள் மொட்டை மாடியில் தொடர்கிறோம், இரண்டு வருஷமாகிறது. இப்போது நோட்டில் எடையை எழுதுவதில்லை, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். உங்கள் பக்கத்துக் குரூப்பிலும் அப்படி எழுதலாமா என்று முதலில் போனில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வேறு இடம் தேடலாம். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

என் எடையைக் கேட்டால் நேற்று 78.8. பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வருஷத்தில் குறைந்தது 300 கிராம், அவ்வளவுதான். போன வாரத்தைவிட 400 கிராம் கூடுதல், கல்யாண வீடு. எழுதிவிட்டு வந்துதான் இதை டைப் செய்கிறேன்.