ஃபேக்ட் டேபிள்: ‘உண்மை அட்டவணை’ பொருந்துமா?

> தரவுக் கிடங்குச் சொற்களில் ஃபேக்ட் டேபிளை ‘உண்மை அட்டவணை’ எனலாமா?

வணக்கம்.

வேண்டாம். தர்க்கவியலில் சரி, தவறு மதிப்புகளைப் பட்டியலிடும் ட்ரூத் டேபிளை ஏற்கெனவே பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதோடு, அந்த அட்டவணையின் வேலையையும் அச்சொல் காட்டவில்லை.

கடையில் பில் போடும் தரவுத்தளத்துக்கு இன்றைய நிலை தெரிந்தால் போதும். வாடிக்கையாளர் மதுரையிலிருந்து கோவைக்குக் குடிபோனால் முகவரியைத் திருத்திவிடுவோம், பழையது போய்விடும். பல வருடத் தரவை ஆய்வுக்காகச் சேர்த்துவைக்கும் தரவுக் கிடங்கிலும் அப்படியே திருத்தினால், போன வருடம் மதுரை வாடிக்கையாளராக அவர் வாங்கியதெல்லாம் கோவைக் கணக்கில் ஏறிவிடும். அதனால் மதுரை வரிசைக்கு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, கோவை முகவரியைப் புதுச் சாவி எண்ணோடு (வரிசையை அடையாளம் காட்டும் எண்) தனி வரிசையாகச் சேர்க்கிறோம். தரவுக் கிடங்கு வடிவமைப்பு வல்லுநர் ரால்ஃப் கிம்பாலின் முறையில் இது இரண்டாம் வகை மாற்றம். பழைய விற்பனை வரிசைகள் பழைய சாவியையே பிடித்திருக்கும்.

அந்த விற்பனை வரிசைகள் இருக்குமிடம்தான் ஃபேக்ட் டேபிள். தேதி, கடை, பொருள், வாடிக்கையாளர் ஆகியவற்றின் சாவிகள், பக்கத்தில் 2 கிலோ, 110 ரூபாய். நடந்த ஒன்றும் அதன் அளவும். ஆகவே ‘நிகழ்வளவு அட்டவணை’ என் பரிந்துரை.

> ‘நிகழ்வளவு அட்டவணை’ என் பரிந்துரை.

‘நிகழ்வு’ சரி, ‘அளவு’ இடிக்கும். மாணவர் வருகையைப் பதியும் அட்டவணையில் தேதி, மாணவர், வகுப்பு ஆகியவற்றின் சாவிகள் மட்டும்தான். கூட்டுவதற்கு எண்ணே கிடையாது. இதற்கு ஃபேக்ட்லெஸ் ஃபேக்ட் டேபிள் என்று பெயர். ‘உண்மையற்ற உண்மை அட்டவணை’ என்றால் யாருக்குப் புரியும்? ‘நிகழ்வு அட்டவணை’ என நிறுத்தி, எண் நெடுவரிசையை ‘அளவை’ என்று பிரித்தால் இது ‘அளவையில்லா நிகழ்வு அட்டவணை’ ஆகும். படித்ததும் விளங்கும்.

தினசரிக் கையிருப்பு நிகழ்வா என்று கேட்கலாம். அன்றிரவு எண்ணிப் பார்த்ததே நிகழ்வு. கடைவாரியாக அதைக் கூட்டலாம், நாள்வாரியாகக் கூட்டக் கூடாது. ஆகவே இத்தகைய எண்ணை ‘பகுதி கூட்டத்தகு அளவை’ எனலாம்.

கிரெயினுக்கும், அதாவது ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதற்கும், சொல் வேண்டும். பில் முழுமைக்குமான 50 ரூபாய் தள்ளுபடியை அதன் 4 பொருள் வரிசைகளிலும் அப்படியே எழுதினால் கூட்டுத்தொகை 200 காட்டும். கிரெயினை முதலிலேயே முடிவுசெய்யாததால் வரும் பிழை இது. ‘பதிவு நுணுக்கம்’ என்று வைக்கலாமா?